பேர் வெட்டாத ஃபைல்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று ஊருக்குள் புகுந்து, தென்காசிக் கடைத்தெருவில் தொங்கவிட்டிருந்த வாளிகளையும் தூக்குச்சட்டிகளையும் ஒன்றோடொன்று மோதவைத்து, துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை அடித்துக்கொண்டிருந்த அந்த நல்ல காலத்தில்தான், கலந்தர் பாய் பாத்திரக்கடை மாடியில் இருந்த கம்பெனியின் ஃபைல்கள் விளக்கு வைக்கிற நேரமானால் தத்தம் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கின. போனவை காலையில் திரும்பிவிட்டதால் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பாமல் இருந்திருந்தால் போலீசில் சொல்லியிருப்பார்கள். ஒழுங்காக வந்துசேருகிற பொருளைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று புகார் கொடுப்பது?

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள ஹால், மழைக்கு ஒழுகும் ஒரு மூலை, சிவனணைந்தபெருமாள் என்ற பெயரை யாரும் முழுதாகச் சொல்லாமல் அண்ணாச்சி என்றே கூப்பிடும் ஒரு முதலாளி, அவருக்குக் கீழே ஒரு வேனில் அடைத்தால் அடைகிற அளவுக்கு ஆட்கள். பனி பெய்கிற தூர தேசம் ஒன்றில் சில ஆஸ்பத்திரிகள் இருந்தன. அங்கே எந்த நர்ஸ் எந்த நாளில் பகல் வேலைக்கு வரவேண்டும், எவள் ராத்திரி வேலைக்கு வரவேண்டும் என்று முறை போட்டுத் தருகிற சாப்ட்வேரை இவர்கள்தான் செய்து, இவர்கள்தான் பேணிவந்தார்கள். அந்த சாப்ட்வேரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவள் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர் அது. வீட்டில் குழலு, ஆபீசில் குழலி. முழுப்பேரையும் ஒரே மூச்சில் சொன்னவர்கள் ரேஷன் கடையில் மட்டும்தான் உண்டு.

அந்தப் பனி தேசத்திலிருந்து இவர்களோடு பேசுகிறவள் பிர்கித்தா என்ற அம்மாள். சிரிக்க மாட்டாள், ஆனால் கோபப்படவும் மாட்டாள். உலகத்தில் வேறெங்கோ யாரோ, ஊர் பேர் தெரியாத ஃபைல் ஒன்றை நம்பி மோசம் போயிருந்தார்கள் போலிருக்கிறது. அதனால் அவள் மேலிடத்தில் ஒரு விதி போட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஓடும் எந்த ஃபைலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றின் தலையிலும் அது எந்த லைப்ரரியைச் சேர்ந்தது என்று லேபிள் எழுதுங்கள். எழுத முடியாததை ஆகஸ்ட் பாதிக்குள் எடுத்து எறியுங்கள். ஆகஸ்ட் பாதி என்றால் ஆடி முடிவு என்று அண்ணாச்சி மொழிபெயர்த்துச் சொன்னார்.

லைப்ரரி என்பது இங்கே புத்தகம் அடுக்கிய இடமில்லை. தேதி கணக்குப் போட ஒரு ஃபைல், பெயர்களை அகர வரிசையில் அடுக்க ஒரு ஃபைல் என்று எவரோ எங்கோ உட்கார்ந்து எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்துப் புழங்கட்டும் என்று பொதுவில் வைத்திருப்பார்கள். அப்படி வைத்த வீட்டுக்குத்தான் அந்தத் தொழிலில் லைப்ரரி என்று பெயர். எந்த சாப்ட்வேரைப் பிரித்துப் பார்த்தாலும் கால்வாசி சொந்தம், முக்கால்வாசி இப்படி நாலு வீட்டில் வாங்கியதாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டு அடுக்களை மாதிரிதான், அண்டா ஒரு வீட்டில், கரண்டி ஒரு வீட்டில்.

இந்தக் கல்யாண வீட்டு நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பிற்பாடு கலந்தர் பாய் அடித்துச் சொன்னார். லேபிளில் என்ன எழுதுவது என்று மாடியில் கூட்டம் போட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, கீழே அவர் கடையில் பாத்திரங்களில் பேர் வெட்டுகிற மெஷின் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பேர் மட்டும் வெட்டுனா பத்தாதும்மா," என்றார் அண்ணாச்சி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே. "ஒரு தெருவுக்கு நாலு ச.மு. இருக்கான். ஊரு, தெரு எல்லாம் போட்டாத்தான் பாத்திரம் வீடு வந்து சேரும்."

உலகத்தில் மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாம் லைப்ரரியின் பெயரையும் அது எத்தனையாவது பதிப்பு என்பதையும் எழுதிவிட்டுச் சும்மா இருந்தார்கள். தென்காசிக்காரர்களுக்கு அது போதவில்லை. குழலியும், பக்கத்து நாற்காலி ஜெபக்கனியும் உட்கார்ந்து, ஒவ்வொரு லைப்ரரியையும் பார்த்துக்கொள்கிறவர் யார், எந்த ஊர், எந்தப் பக்கம் என்று தேடித் துருவி, ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ‘இது இன்ன ஊரில் இன்னார் வீட்டுப் பொருள், இங்கே இரவலாகப் புழங்குகிறது’ என்று பவ்வியமாக எழுதிவைத்தார்கள். இரவல் என்று எழுதிவிட்டால் பொருளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். அதை அவர்கள் யோசிக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம், கீழே கலந்தர் பாய் ஊதுபத்தி கொளுத்தியதும், ஃபைல்கள் திரையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அப்பளத்தின் கனம்தான் இருக்கும், பச்சையும் நீலமுமாக எழுத்து ஓடிய உடம்பு. படியில் இடித்துக்கொள்ளாமல் இறங்கி, கடை வாசலைக் கடந்து, சாரலில் நனைந்தபடி மேற்கே திரும்பி, செங்கோட்டை ரோட்டைப் பிடித்துக் கணவாய்ப் பக்கம் போய்விட்டன. மறுநாள் காலையில் எல்லாம் வந்து அவையவை இடத்தில் இருந்தன, ஆனால் முகம் சரியில்லை. எதைத் திறந்தாலும் ஒரு தயக்கம்.

குழலி இதை வீட்டில் சொன்னாள். கீழப்புலியூரில் அவளும் அவள் அக்கா ஆவுடையும் மட்டும்தான். ஆவுடை தென்காசியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"வெறுங்கையோடவாட்டி அனுப்புனீங்க?" என்றாள் ஆவுடை. "இரவல் வாங்குன பாத்திரத்த வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்கலாமா? படிச்சு என்ன பிரயோசனம். ரெண்டு முறுக்காவது வச்சு அனுப்பாண்டாமா?"

அன்று முதல் வைத்து அனுப்பினார்கள். ஜெபக்கனி அவள் வீட்டு முந்திரிக்கொத்தை வைத்தாள். அண்ணாச்சி கருப்பட்டி வைத்தார். குழலி சந்தையில் குற்றால சீசன் மங்குஸ்தான் வாங்கி ஃபைலுக்கு ஒன்றாக வைத்தாள். பிறகு பார்க்கவேண்டுமே. காலையில் வந்த ஃபைல்களின் மடியில் என்னென்னவோ இருந்தன. காட்டுப் பழத்தில் காய்ச்சிய ஜாம், சூரியகாந்தி விதை, கம்பளி நூலில் பின்னிய குழந்தைக் காலுறை, பிரித்தால் கொக்காகிற காகிதம், வறுத்த காப்பிக்கொட்டை, வாயில் போட்டதும் ஜெபக்கனியின் முகத்தை ஒரு பக்கமாக இழுத்த உப்பு மிட்டாய். யாரும் யாருக்கும் நன்றி என்று எழுதவில்லை. பாத்திரம் போகிறது, பாத்திரம் வருகிறது, இதில் நன்றி என்ன.

ஊர் இதைத் தன் பழக்கத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட விதம்தான் அழகு. சாயங்காலம் ஆனால் வேலை செய்ய ஃபைல் இல்லை, ஆகவே கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக எல்லாரும் ஆறரைக்கு வீட்டுக்குப் போனார்கள். ஜெபக்கனியின் மாமியார் அவளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, "நல்ல நெறமாத்தான் இருக்க" என்று சொன்னாராம். ஃபைல்கள் வரிசையாகப் போகிற நேரத்தில் ஆட்டோக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றார்கள். நடுரோட்டை விட்டு எந்த மந்திரிக்கும் எழுந்திருக்காத காளை ஒன்று அந்த நேரம் மட்டும் எழுந்து ஓரமாகப் போனது. குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்த நகராட்சி, பள்ளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தது. மனிதர்கள் விழுந்து எழுந்தபோதெல்லாம் வராத பலகை. சூரியகாந்தி விதையைப் பூங்காவில் போட்டு முளைக்கவும் வைத்தார்கள். கலந்தர் பாய் மாடிக்கு வாடகை கேட்டு வரும்போதெல்லாம், வாடகையை விட்டுவிட்டு, "அந்தக் காப்பிக்கொட்டக்கார வீட்டு ஃபைலு வந்துட்டுதாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

பனி தேசத்து ஆஸ்பத்திரிகளில் ஓடுவது நகல், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இங்கே இருக்கும் மூலத்துக்குத்தான் இந்தப் போக்குவரத்தெல்லாம். என்றாலும் மூலத்துக்கு ஒன்று ஆனால் அங்கேயும் ஒருநாள் அது தெரியத்தான் செய்யும்.

இவ்வளவு கலகலப்புக்கு நடுவில், எங்கும் போகாமல், எதுவும் கொண்டுவராமல், ஒரு ஃபைல் மட்டும் சாயங்காலத்தில் காலித் திரையின் ஓரத்தில் தனியாக இருந்தது. அதற்கு லேபிள் இல்லை. ஜெபக்கனி எல்லா லைப்ரரியிலும் தேடிவிட்டாள், எந்த வீட்டிலும் அது தங்கள் பொருள் என்று பதியப்படவில்லை. ஆடி முடிவதற்குள் எடுத்து எறிய வேண்டியவற்றில் இருந்தது அது ஒன்றுதான்.

அது யாருடையது என்று குழலிக்கு மட்டும் தெரியும். அது அவளுடையது.

கம்பெனி தொடங்கிய புதிதில் எழுதியது. ஆவுடை அப்போதும் ராத்திரி வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். இப்போதும்தான். ஒரு நீள வார்டுக்கு ஒற்றை நர்ஸ். நோயாளிகள் தூங்கிய பிறகு, மூலையில் எரிகிற ஒரு டியூப் லைட்டும் அவளும்தான். பயம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போன் அடிப்பாள், "என்னட்டி செய்யுத, சும்மாதான் கூப்பிட்டேன்" என்பாள், கத்திரிக்காய் விலையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை பேசுவாள், பேச ஒன்றுமில்லாமல் போனபிறகும் போனை வைக்க மாட்டாள். குழலி போனைக் காதோரம் வைத்துக்கொண்டே தன் வேலையைச் செய்வாள். அப்படி வேலை செய்துகொண்டிருந்த நாட்களில், யாரும் கேட்காமல், எந்த ஒப்பந்தத்திலும் இல்லாமல், அவள் எழுதிச் சேர்த்த சின்ன ஃபைல் அது. ஒரே ஒரு வேலைதான் செய்யும். யாரையும் தனியாக ராத்திரி வேலைக்குப் போடாது. எப்படியாவது முறையை மாற்றி மாற்றி அடுக்கி, பக்கத்தில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிடும். துணை என்று அதற்கு மனசுக்குள் பெயர் வைத்திருந்தாள்.

அன்றைக்கு அண்ணாச்சியிடம் அதைக் காட்டியபோது அவர் சந்தோஷப்பட்டு, பிறகு பயந்துவிட்டார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா தென்காசியில இருந்து ஒரு பிள்ள எழுதுனதுன்னு சொன்னா எவன் நம்புவான்? பெரிய எடத்து ஃபைலுவ நடுவுல பேர் போடாம வச்சிரு. அதுபாட்டுக்கு ஓடட்டும்." ஊரில் இரவல் நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொந்தம் என்று சொல்லுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் சொந்த நகையைப் போட்டுக்கொண்டு இரவல் என்று சொன்னார்கள். அண்ணாச்சி அதைச் சொல்லி, பிறகு வாடகையிலும் வரியிலும் அதை மறந்தும் போனார். குழலி மறக்கவில்லை.

இப்போது அதை எறிந்தால் அந்த ஆஸ்பத்திரிகளில் யார் யாரோ தனியாக உட்கார்ந்திருப்பார்கள். உண்மையைச் சொன்னாலோ இத்தனை வருஷம் மறைத்த கம்பெனி என்று பெயர் வரும், அண்ணாச்சி தலைகுனிவார், வேன் நிறைய ஆட்களுக்கு வேலை போகும். ஆகவே குழலி ஒரு காரியம் செய்தாள். வடக்குக் கடலோரம், மீன் காயப்போடும் ஊர் ஒன்றில் ஒரு லைப்ரரிக்காரர் இருந்தார், நாள் கிழமை கணக்கெல்லாம் அவர் வீட்டுப் பொருள். அதோடு இதையும் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று, துணையின் தலையில் அவர் பெயரையும் ஊரையும் எழுதி, மடியில் ஒரு மங்குஸ்தானும் வைத்துச் சாயங்காலம் அனுப்பினாள்.

துணை போயிற்று. மற்றவை மாதிரி ஓடவில்லை, வரிசையின் கடைசியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. காலையில் வந்தபோது மீன் வாடையோடு தொப்பலாக நனைந்திருந்தது, ஓரம் நைந்திருந்தது. மடியில் ஒன்றும் இல்லை என்றால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் வைத்து அனுப்பிய மங்குஸ்தான் அப்படியே இருந்தது. கொண்டுபோனதைக்கூட அந்த வீட்டில் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்ததாக, காப்பிக்கொட்டை அனுப்புகிற மனிதரின் பெயரை எழுதினாள். வெயில் அடிக்கிற தேசம், தாராளமான கை, வருகிறவர்களை விரட்ட மாட்டார் என்று நம்பினாள். அவரும் விரட்டவில்லைதான். காலையில் துணை உலர்ந்து, யாரோ நைந்த ஓரத்தைத் தடவி ஒழுங்காக மடித்துவிட்டதுபோல வந்தது. மங்குஸ்தான் மட்டும் தொடப்படாமல் இருந்தது. நல்ல மனிதர், அதனால்தான் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

"யாரு வீட்டுதுட்டி இது?" என்றாள் ஜெபக்கனி, அதைப் பார்த்துவிட்டு. "தெனமும் போயிட்டு அழுத முகமா வருது."

குழலி மங்குஸ்தானை உரித்து அவளுக்குப் பாதி கொடுத்தாள். அது புளித்திருந்தது.

அன்று சாயங்காலம் மற்ற ஃபைல்கள் எல்லாம் மேற்கே போக, துணை கணவாய்ப் பக்கமே திரும்பவில்லை. படியிறங்கிய குழலியின் பின்னாலேயே வந்தது. அவள் காய்கறி வாங்கியபோது கடையோரம் நின்றது, ரோட்டைக் கடந்தபோது கடந்தது, கீழப்புலியூர் வரைக்கும் பத்தடி தள்ளியே வந்து, அவள் வீட்டு வாசலுக்கு வெளியே சாரலில் நின்றுவிட்டது. குழலி கதவைத் திறந்து வைத்தாள். அது வரவில்லை. தலையில் வேறு வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு எப்படி உள்ளே வரும்?

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆவுடை, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலுக்கு வந்தவள், நின்று பார்த்தாள்.

"மழையில நிக்கி பாரு. உள்ள கூப்பிடாண்டாமா?"

"வராதுக்கா. அதுக்குப் பேர் வேற."

"இது நீ எழுதுனதுல்லா? நான் போன்ல இருக்கும்போது டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பியே, அதான?"

"அதான்."

"பொறகு எவன் பேர எழுதி வச்சிருக்க?"

குழலிக்கு அங்கேயே அழுகை வந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், அண்ணாச்சி அன்றைக்குச் சொன்னது, மீன்காரர் வீடு, காப்பிக்கொட்டைக்காரர் வீடு, திரும்பி வந்த பழம், எல்லாம். ஆவுடை பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் சாப்பாட்டுத் தூக்கைத் திருப்பி, அடியில் வெட்டியிருந்த எழுத்தைத் தங்கச்சியின் மூக்குக்கு நேரே காட்டினாள். ஆ. கீழப்புலியூர்.

"இத ஆஸ்பத்திரியில எங்க வச்சாலும் எங்கிட்ட வந்திரும். ஏன், பெரிய தூக்கா? ஈயம் பூசுனதா? பேரு இருக்கு, அவ்வளவுதான். உன் பொருளுக்கு உன் பேர வெட்ட உனக்கென்னட்டி கூச்சம்?"

சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். துணை வெகுநேரம் வாசலிலேயே நின்றது. குழலி ஒரு குடையைக் கொண்டுபோய் அதற்கு மேலே விரித்து வைத்தாள்.

மறுநாள் அண்ணாச்சியின் முன்னால் போய் நின்றாள். அவர் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"நானா அப்படிச் சொன்னேன்?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"சொல்லியிருப்பேன். அப்ப எனக்கு எல்லாத்துக்கும் பயம்." கொஞ்ச நேரம் கீழே ஓடுகிற மெஷினின் சத்தத்தைக் கேட்டார். "அந்தம்மா நம்மள ஏமாத்துக்காரப் பயலுவன்னு நெனைப்பாளோ?"

"நெனைக்கலாம். ஆனா எடுத்துட்டா அங்க எத்தன பேரு ஒத்தையில இருக்கணும்."

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எழுதும்மா. கம்பெனி பேரப் போடாத, உன் பேர முழுசாப் போடு. அந்தம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்."

குழலி எழுதினாள். ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். ‘இது தென்காசி கீழப்புலியூரில் குழல்வாய்மொழி வீட்டுப் பொருள், பனி தேசத்து ஆஸ்பத்திரிகளில் இரவலாகப் புழங்குகிறது.’

பிர்கித்தா திரையில் வந்தபோது, பேசிக்கிடுதேன் என்று சொன்ன அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் மொத்தமும் மறந்துபோயிற்று. "மேடம், ஆக்சுவலி" என்பதோடு நின்றுவிட்டார். குழலிதான் சொன்னாள். மறைத்ததைச் சொன்னாள், ஏன் மறைத்தார்கள் என்பதையும் சொன்னாள், பொய்யாக இரண்டு வீட்டுக்கு அனுப்பிப் பார்த்ததையும் விடாமல் சொன்னாள். பிர்கித்தா அந்தப் பக்கம் லேபிளை மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"தென்காசி என்பது ஊரின் பெயரா?"

"ஆமாம்."

"எந்தப் பெரிய நிறுவனம் இதை யோசித்தது என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு," என்றாள். "இது எதற்காக யாரையும் தனியாகப் போடுவதில்லை?"

குழலி அக்காவைப் பற்றிச் சொன்னாள். வார்டு, மூலையில் டியூப் லைட், சும்மாதான் கூப்பிட்டேன் என்று வரும் போன்.

"நானும் நர்ஸாக இருந்தவள்தான்," என்றாள் பிர்கித்தா. "விதி கேட்டது லேபிள். லேபிள் இருக்கிறது. இது இருக்கட்டும். இனிமேல் எதையும் மறைக்க வேண்டாம்."

அவள் போன பிறகு அண்ணாச்சி மேஜைமேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். ஜெபக்கனி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்று சாயங்காலம் கலந்தர் பாய் ஊதுபத்தி கொளுத்த, ஃபைல்கள் இறங்கி மேற்கே போக, ஆட்டோக்கள் நின்று, காளை எழுந்து ஓரமாகப் போய், எல்லாம் வழக்கம்போல் முடிந்த பிறகும் காளை ரோட்டுக்குத் திரும்பவில்லை. செங்கோட்டைப் பக்கம் பார்த்து நின்றது. கொஞ்ச நேரத்தில், போகிறவற்றுக்கு எதிராக, மேற்கேயிருந்து ஒன்று வந்தது. துணைதான் அது. மாடியில் இருந்த அதன் மூலத்தைக் காலையிலிருந்தே காணோம். லேபிள் எழுதியதுமே அது இரவல் போன வீட்டுக்கு ஓடியிருந்தது. இப்போது வீடு திரும்பிக்கொண்டிருந்தது. கையிலும் இடுப்பிலும் தலையிலும் சுமை, நடக்க முடியாமல் ஆடி ஆடி வந்தது. பேர் இல்லாத பாத்திரத்தை எங்கே திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல், அந்த ஆஸ்பத்திரிகளில் இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் மொத்தமாக வந்தது. கடைத்தெருவில் யாரோ ஒரு கை பிடித்தார்கள், யாரோ ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டார்கள், கீழப்புலியூர் வரை அதை ஊரே நடத்திக் கூட்டிவந்தது. குழலி வீட்டு வாசலில் ஒரு நொடி நின்றது. பிறகு தயங்காமல் உள்ளே போனது.

மூட்டையைப் பிரித்தார்கள். கம்பளிக் காலுறைகள், அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் தூக்கம் வராமல் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேசிக்கொண்டே பின்னியவை. தெருவில் எல்லார் காலுக்கும் போட்டு மிச்சம் இருந்தது. அப்புறம் ரொட்டி. முறுக்கிச் சுருட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டி, கூடை கூடையாக, இன்னும் சூடு ஆறாமல். வாசல் நிறைய ஏலக்காய் மணத்தது.

ஆவுடை ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். "ஏலக்காய் நம்ம மலைச் சரக்குட்டி," என்றாள். "அங்கவரைக்கும் போய்ச் சுத்திட்டு வந்திருக்கு."

தெருவே வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டது. வரிசையில் ஆவுடை வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு முறை போடுகிற மேட்ரனும் நின்றிருந்தார். உள்ளூர்ச் சரக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஒத்துவராது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அம்மாள். அவர் இரண்டாவது ரொட்டியை முழுசாக வாய்க்குள் தள்ளியிருந்த நேரம் பார்த்து, ஆவுடை எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"மேடம், என் தங்கச்சி பொருளு. அவ்வளவு தூரத்துல புழங்குதாங்க. நம்ம ஆஸ்பத்திரிக்கு இரவல் கேப்போமா?"

வாய் நிறைய ரொட்டியோடு மாட்டேன் என்று சொல்ல முடியாது. மேட்ரன் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகு மாற்ற முடியாது, தெருவே பார்த்துவிட்டது.

இப்படி ஆவுடைக்காக எழுதியது ஆவுடையிடம் வந்து சேர, அது உலகத்தைச் சுற்றி வரவேண்டியிருந்தது. குழலி லேபிளின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள், உள்ளூர் ஆஸ்பத்திரியிலும் இரவலாகப் புழங்குகிறது என்று. ஆவணி பிறந்ததும் அங்கே புது முறை வந்தது.

அந்த முதல் நாள் ஆவுடை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தூக்கில் வழக்கத்தைவிடக் கூட நாலு இட்லி இருந்தது. குழலி சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, வழக்கம்போல் லேப்டாப்பைத் திறந்து, காதுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குச் சொல்ல நிறைய வைத்திருந்தாள். கலந்தர் பாய் காலுறை போட்டுக்கொண்டு கடையில் வழுக்கி விழுந்தது, அண்ணாச்சி சுவரில் ‘தென்காசி’ என்று பெரிதாக எழுதி மாட்டியது, கத்திரிக்காய் விலை. போன் வரும் நேரம் வந்தது. போன் அடிக்கவில்லை. நேரம் தாண்டியது. அப்போதும் அடிக்கவில்லை. அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு நொடி பதறி, தானே அடிக்கப்போய், எண்ணைத் தொடும் முன் குழலிக்குப் புரிந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறது. கத்திரிக்காய் விலையை இந்நேரம் அவளிடம் பேசிக்கொண்டிருப்பாள்.

குழலி போனைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்துக்கு வீடு இப்படி அமைதியாக இருந்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, சொல்ல வைத்திருந்ததெல்லாம் அப்படியே மிச்சம் இருந்தது. அப்போது உள்கட்டிலிருந்து துணை வந்து, அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஏறி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் வேலையே அதுதானே, யாரையும் தனியாக விடாது.

"சும்மாதான?" என்று கேட்டுவிட்டு, குழலி அதனிடம் கத்திரிக்காய் விலையைச் சொல்ல ஆரம்பித்தாள்.